விளைமீனின் பெயர் வாயில் வராத நாள்

மோனை,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசிக்கப்போவதில்லை. எங்கள் வாசிகசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி உன் கூட்டாளிமார் வந்து கேட்டார்கள். நான் சாகக் கிடந்து தப்பி வந்த கதையை எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். அந்தக் கதையில் நான் செய்தது படுத்துக் கிடந்தது மட்டும்தான். செய்தவன் நீ. ஆகவே உனக்கே எழுதுகிறேன். ஊர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். அடுத்த கிழமை நீ தாதியர் பயிற்சிக்குக் கண்டிக்குப் போகிறாய். அதற்கு முன்பு இதை நேரிலே சொல்லலாம் என்று இரண்டொரு முறை வாயெடுத்தேன். நீ உடனே எழும்பி வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் பார்க்கப் போய்விட்டாய். யாராவது உன்னைப் புகழத் தொடங்கினால் உனக்கு அப்படித்தான் ஒரு வேலை வந்துவிடும். என் வலது கை இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஒரு பந்தி எழுதினால் கொஞ்சம் ஆறவிட வேண்டியிருக்கிறது. அதனால் அவசரப்படாமல் எழுதுகிறேன், நீயும் அவசரப்படாமல் வாசி.

நீ குறைவாகக் கதைக்கிற பிள்ளை. சின்ன வயதில் அப்பாவின் தங்கை, உன் மாமி, உனக்கு நாக்கில் ஏதோ குறை என்று பயந்து கோயிலில் நேர்த்தி வைத்தாள். குறை ஒன்றுமில்லை, மற்றவர்கள் கதைத்து முடியும்வரை நீ காத்திருப்பாய், அவ்வளவுதான். இராணுவம் பிடித்து வைத்திருந்த மயிலிட்டிக் காணிகள் விடுபட்டு நாங்கள் முதன்முதலாக வளவைப் பார்க்கப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். நாயுண்ணிப் பற்றை ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. குசினி இருந்த இடம் இது, மாமரம் நின்ற இடம் அது என்று நான் அழுதுகொண்டு முன்னே நடந்தேன். உன் அப்பா பற்றையை வெட்டிக்கொண்டு எனக்கு வழி எடுத்தார். பின்னால் வந்த நீ, அந்த மண்ணை அன்றுதான் முதல்முதல் கண்ட பிள்ளை, “அம்மா, கிணறு எந்தப் பக்கம்?” என்று கேட்டாய். உன் அப்பாவின் கை அப்படியே நின்றது. கத்தியால் கொடியை விலக்கிப் பார்த்தார். கட்டு இடிந்த கிணறு எங்கள் காலடிக்கு முன்னே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எல்லோரும் அழுகிற இடத்தில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கிறவன் நீ என்பதை நான் அன்று கண்டேன். ஆனால் அது ஒரு படிப்புக்கோ தொழிலுக்கோ உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உயர்தரத்தில் நீ உயிரியல் படித்தாய். நல்லாகவே செய்தாய், ஆனால் மருத்துவத்துக்கு எடுபடவில்லை. அதைப் பற்றி நீயும் கதைக்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை. அப்பாவோடு கடலுக்குப் போகத் தொடங்கினாய். பிரான்சில் இருக்கிற என் அண்ணன், உன் மாமா, உன்னை அங்கே கூப்பிடுவதற்கு அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துறைமுகத்தில் வள்ளங்களிடம் மீன் வாங்கிச் சுன்னாகச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்று காலை ஏலம் நடக்கிறது. ஒரு குவியல் ஒட்டி மீனுக்கு நான் விலை கேட்டுக்கொண்டு நிற்கிறேன். திடீரென்று என் தலைக்குள் ஏதோ வெடித்தது. வெடித்தது என்று கதைக்காகச் சொல்லவில்லை. தலையிடி எனக்குப் பழக்கம், அது மெல்ல வந்து மெல்லப் போகும். இது வந்த கணமே உச்சத்தில் வந்தது. பிடரி இறுகியது, சத்தி எடுத்தேன், நிலத்தில் இருந்துவிட்டேன். வெயில் என்றார்கள், பித்தம் என்றார்கள், ஒருவர் சோடா வாங்க ஓடினார். வள்ளத்தில் வலை தட்டிக்கொண்டு நின்ற நீ வந்து என்னைப் பார்த்து, “முந்தி எப்பவாவது இப்பிடி வந்ததோ அம்மா?” என்று ஒன்றுதான் கேட்டாயாம். நான் இல்லையென்று தலையாட்டினேனாம். அதோடு நீ ஓட்டோவைக் கூப்பிட்டுவிட்டாய். இதெல்லாம் உன் அப்பா பின்பு சொன்னது. எனக்கு ஞாபகம் இருப்பது சோடாப் போத்தல் மட்டும்தான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூளையின் அடியில் ஒரு இரத்தக் குழாய் பலவீனமான இடத்தில் பலூன்போல ஊதி, அன்று வெடித்திருந்தது. மண்டையைத் திறந்து அந்த இடத்தில் கிளிப் போட்டு அடைத்தார்கள். ஒப்பரேசன் முடிந்து டொக்டர் அம்மா வெளியே வந்தபோது உன் அப்பா, மாமி, துறைமுகத்து ஆட்கள் என்று ஒரு கூட்டம் நின்றதாம். ஒப்பரேசன் சரி என்று அவர் சொன்னதும் மாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஊருக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்துவிட்டாள். உன் அப்பா சுவரோரத்து வாங்கில் போய் இருந்துவிட்டார். டொக்டர் அதற்கு மேல் சொன்னதை நின்று கேட்டவன் நீ ஒருவன்தான். ஆபத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது என்று அவர் சொன்னார்.

அவர் சொன்னதை நீ பிறகு எனக்கு எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருக்கிறாய். எனக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறேன், பிழை இருந்தால் மலர் அச்சுக்குப் போகமுன் திருத்திவிடு. மூளையின் இரத்தக் குழாய்கள் வெறும் குழாய்கள் இல்லை. அவற்றைச் சுற்றித் தசை இருக்கிறது, உள்ளே தோல்போல மெல்லிய ஒரு படை இருக்கிறது. அந்த உட்படை நைத்திரிக் ஒட்சைட்டு என்ற ஒரு வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பக்கத்திலிருக்கும் தசைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அது போய்ச் சேர்ந்தால் தசை தளரும், குழாய் விரியும். அதே படை எண்டோதீலின் என்ற இன்னொரு பொருளையும் செய்யும். அது போய்ச் சேர்ந்தால் தசை இறுகும். மூளையின் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்து நரம்புகளும் தங்கள் பங்குக்குச் செய்தி அனுப்பி, இங்கே குழாயை விரித்து இரத்தத்தைக் கூடுதலாக விடு என்று கேட்கும். நான் ஏலத்தில் நின்று விலைக்கு வாய்காட்டும்போது, வாய்காட்டுகிற இடத்துக்கு அப்படித்தான் இரத்தம் கூடப் போகிறதாம். சுகமாக இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலே நடக்கிறது. எனக்குக் குழாய் வெடித்து வெளியே இரத்தம் சிந்திவிட்டது. அந்த இரத்தம் அங்கேயே கிடந்து உடையும்போது, அதற்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற பொருள் அந்த நல்ல வாயுவைப் பிடித்து விழுங்கிவிடும். தளரச் சொல்கிற செய்தி தசைக்குப் போய்ச் சேராது. இறுகச் சொல்கிற செய்தி மட்டும் போகும். ஒப்பரேசன் நல்லபடி முடிந்த ஆளுக்கும் சில நாள் கழித்து நல்ல குழாய்கள் தாமாகவே இறுகி, மூளையின் ஒரு பக்கம் இரத்தம் இல்லாமல் காயத் தொடங்கலாம். இந்தப் பயம் இரண்டு கிழமைக்கு மேலும் இருக்கும். அதைத் தடுக்கத்தான் தசைக்குள் கல்சியம் போகவிடாத குளிசையை நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தருவார்கள், ஆனால் அது எல்லோரையும் காப்பாற்றாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ கேட்டாயாம்: “அப்பிடி இறுகினா, வெளியிலை நிக்கிற எங்களுக்கு எப்பிடித் தெரியும் டொக்டர்?”

டொக்டர் சொன்னாராம்: “நல்ல கேள்வி. நாங்கள் பேர் கேப்பம், ஊர் கேப்பம், கையைத் தூக்கச் சொல்லுவம். ஆனா அவவின்ரை கதை எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். அம்மா அம்மாமாதிரிக் கதைக்கிறாவோ எண்டு பாருங்கோ. சந்தேகம் வந்தா யோசிக்காமல் சொல்லுங்கோ, பிழையாப் போனாலும் பரவாயில்லை.”

பெண்கள் விடுதியில் துணைக்கு மாமி நின்றாள். நீ நோயாளரைப் பார்க்கவிடுகிற நேரத்தில் மட்டும்தான் உள்ளே வரலாம். நீ விடிய எழும்பித் துறைமுகத்துக்குப் போய், வந்த மீனையெல்லாம் தொலைபேசியில் படம் எடுத்து, மத்தியானமும் பின்னேரமும் வந்து என் கட்டிலடியில் நின்று காட்டுவாய். இது என்ன மீன் அம்மா, இண்டைக்கு என்ன விலை போகும், ஆர் வாங்கியிருப்பினம் என்று கேட்பாய். மாமிக்குக் கோபம். மண்டையில் தையலோடு கிடக்கிற தாயை ஏலம் கூறவிடுகிறான் என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் பண்டத்தரிப்புப் பக்கத்து ரீச்சர் ஒருவர் கிடந்தார், என்னைவிட இளையவர், அவருக்கும் இதே வருத்தம், மூளைக் குழாய் வெடித்தது. அவருடைய கணவர் தோட்டம் செய்கிறவர். நீ கேட்கிற விதத்தைப் பார்த்து அவரும் தன் மனைவியிடம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரைக் கேட்கத் தொடங்கினார். எனக்கும் நீ கேட்பது விளையாட்டாகத்தான் இருந்தது. கலவாய், சீலா, பாரை என்று படபடவென்று சொல்லி, விலையும் சொல்லி, அந்த விலைக்கு விட்டவனை ஏசியும் விடுவேன். நீ ஒவ்வொன்றையும் கவனித்துக் கேட்டுக்கொண்டு நிற்பாய்.

ஒரு நாள் பின்னேரம் துறைமுகத்திலிருந்து ஒரு கூட்டமே என்னைப் பார்க்க வந்திருந்தது. நான் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் முகம் தேறிவிட்டது, இன்னும் இரண்டொரு நாளில் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்றார்கள். நீ கூட்டத்துக்குள்ளால் வந்து படத்தை நீட்டினாய்.

“இது என்ன மீன் அம்மா?”

“மீன்தான்” என்றேன்.

“என்ன மீன்?”

“உது... வாற மீன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள். நானும் சிரித்தேன். மோனை, அந்த நேரம் எனக்குள் இருந்ததை உனக்கு இப்போதுதான் சொல்கிறேன். அது விளைமீன். அதைக் கண்டேன். அதன் செதிலைத் தெரியும், சுவையைத் தெரியும், உன் அப்பாவுக்கு அதில் சொதி வைத்தால் எவ்வளவு விருப்பம் என்றும் தெரியும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. அதில் பயங்கரம் என்னவென்றால் எனக்குப் பயம் வரவில்லை. நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த படத்தைக் காட்டினாய், அதற்கும் வாற மீன் என்றேன். இரண்டு கையையும் நேரே நீட்டச் சொன்னாய். நீட்டினேன். வலது கை தானாகக் கீழே இறங்கியது, நான் அதை அறியவில்லை. மாமி, அம்மா களைச்சுப் போனா, விடடா என்றாள். நீ அவளுக்குப் பதில் சொல்லாமல் நேரே தாதி மிஸ்ஸியின் மேசைக்குப் போனாய். “மத்தியானம் பேர் சொன்னவா. இப்ப சொல்லேல்லை. வலக்கையும் பதியுது” என்று மட்டும் சொன்னாயாம். அந்த மிஸ்ஸி எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு உன்னோடு வந்தார், என்னைப் பார்த்தார், டொக்டரைக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டு நின்ற கூட்டத்தை வெளியே போகச் சொன்னார்கள். நான் ஏன் எல்லோரும் போகிறார்கள் என்று கேட்க நினைத்தேன், அதற்கும் சொல் வரவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

மீண்டும் ஸ்கான். இடது பக்கத்துக் குழாய்கள் இறுகியிருந்தன. அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய், கழுத்து இரத்தக் குழாய் வழியாக நோரட்ரினலின் என்ற மருந்தை ஏற்றினார்கள். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியிலும் நரம்பு நுனிகளிலும் எங்கள் உடம்பே செய்கிற ஓமோன் அது. பயந்தால், ஓடினால் ஊறுவது. உன் அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை. குழாய் இறுகினதுதான் வருத்தம் என்றால் இன்னும் இறுக்குகிற மருந்தை ஏன் ஏற்றுகிறார்கள் என்று உன்னைக் கேட்டார். நீயும் டொக்டரிடம் போய்க் கேட்டு வந்து அவருக்குச் சொன்னாய். அந்த ஓமோன் கை கால் வயிற்றுக் குழாய்களைத்தான் நன்றாக இறுக்கும், மூளையின் குழாய்கள் அதன் சொல்லை அவ்வளவாகக் கேட்காது. அங்கெல்லாம் இறுகினால் பிரஷர் ஏறும், ஏறின பிரஷர் இறுகிப்போன மூளைக் குழாய்க்குள்ளாலும் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போகும். வெடித்த இடத்தைக் கிளிப் போட்டு அடைத்திருந்தபடியால்தான் இப்படிப் பிரஷரை ஏற்றத் துணிந்தார்கள். சிந்திய இரத்தம் கரைந்து போகும்வரை, குழாய்கள் திரும்பத் தங்கள் செய்தியைத் தாங்களே கேட்கும்வரை இது தாங்கிக்கொண்டிருக்கும். முந்தித் தொடங்கினால்தான் பலன், மூளை காய்ந்த பிறகு தள்ளிப் பயனில்லை. உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவள் இனிக் கதைக்காட்டாலும் பரவாயில்லை தம்பி. ஆள் உயிரோடை இருந்தாக் காணும்” என்றாராம். நீ, “கதைப்பா அப்பா” என்றாய். உனக்கு அது நிச்சயமாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் சொன்னாய். அந்த நாட்களில் அவர் சோறு தின்றது அந்த ஒரு சொல்லை நம்பித்தான் என்று என்னிடம் சொன்னார்.

எனக்குப் பேச்சு திரும்பியது. ஒரேயடியாக இல்லை, சிரட்டையில் தண்ணி அள்ளுகிற மாதிரி. ஒரு நாள் காலை உன் அப்பா கட்டிலருகே வந்து நின்றபோது, “உதென்ன, போட்டிருக்கிற சேட்டு இவ்வளவு ஊத்தை?” என்று கேட்டேன். அவர் உடனே வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மாமி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அண்ணை சுவரைப் பிடிச்சுக்கொண்டு அழுகிறார் என்றாள். மீன்களின் பெயர் வீட்டுக்கு வந்த பிறகும் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. கைதான் இன்னும் முழுதாக வரவில்லை. தராசு தூக்க மாமி நிற்கிறாள், விலை சொல்ல என் வாய் போதும்.

இதை வாசிக்கிற பெண்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள். எனக்கு ஏன் வந்தது என்று கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். பிரஷர் ஒரு காரணம், பரம்பரை ஒரு காரணம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன் குறைந்துபோகும். குழாயின் உட்படையை அந்த நல்ல வாயுவைச் செய்யத் தூண்டிக்கொண்டிருந்ததில் அதற்கும் பங்குண்டு. அது குறைந்த பிறகு குழாய்களுக்கு ஒரு காவல் குறைகிறது, இந்த வருத்தம் பெண்களுக்குக் கூடுதலாக வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். ஏலத்துக்கு வருகிற பெண்கள் எல்லோரையும் இப்போது நான் பிரஷர் பார்க்கச் சொல்லித் துரத்துகிறேன். ஒரு கணத்தில் உச்சத்துக்கு ஏறுகிற தலையிடி வந்தால் சோடா தேடாதீர்கள், ஓட்டோவைத் தேடுங்கள்.

இதுவரை எழுதியது ஊருக்குத் தெரிந்த கதை. இனி எழுதுவது தெரியாதது. உனக்கு விருப்பமில்லாவிட்டாலும் எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் என் மகன் யார் என்பதை நான் முழுதாகக் கண்டது ஆஸ்பத்திரியில் இல்லை.

பக்கத்துக் கட்டில் ரீச்சர் தப்பவில்லை. எனக்கு வந்த அதே இறுக்கம் அவருக்கும் வந்தது. அதே மருந்து, அதே யந்திரம், அதே மிஸ்ஸிமார். அவருடைய குழாய்கள் திறக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து கதைக்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் அவருடைய கணவர் துறைமுகத்துக்கு வந்தார். மீன் வாங்க வந்தேன் என்று என்னிடம் சொன்னார். ஆனால் மீனைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ வலையை வைத்துவிட்டு வந்து, கரையில் இழுத்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் அவரை இருத்தினாய். நான் தராசடியில் நின்றேன், உங்கள் கதை எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்.

“தம்பி, நீ கவனிச்சபடியா அம்மா தப்பினா. நான் எதைக் கவனிக்காமல் விட்டனான்?” என்று அவர் கேட்டார். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். எத்தனை நாள் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணி இறைத்தாரோ தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தப்பி வந்தவள் நான் அவருக்கு முன்னால் உயிரோடு நிற்கிறேன். நானாக இருந்தால் விதி என்றிருப்பேன், கடவுள் என்றிருப்பேன், எதையோ சொல்லி அந்த மனிதரின் வாயை மூடியிருப்பேன்.

நீ அப்படிச் செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்: “நீங்கள் ஒண்டும் விடேல்லை அண்ணை. ரீச்சர் பிள்ளையளின்ரை பேரை மாத்திச் சொன்ன உடனை நீங்கள் மிஸ்ஸியிட்டைப் போனீங்கள். நான் பக்கத்திலை நிண்டனான், எனக்குத் தெரியும். நான் செய்ததைத்தான் நீங்களும் செய்தனீங்கள்.”

அதன்பிறகு அவருக்கு முழுவதையும் சொன்னாய். வாயுவையும், அதை விழுங்குகிற இரத்தத்தையும், இறுகச் சொல்கிற மற்றப் பொருளையும், இன்னும் பெயர் தெரியாத பலவற்றையும். சிலருடைய குழாய் ஏன் திறக்கிறது, சிலருடையது ஏன் திறக்காமலே போகிறது என்பது வைத்தியம் படித்தவர்களுக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது என்றாய். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாய். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். வெயில் ஏறி நிழல் நகர்ந்தது, நீங்களும் நிழலோடு நகர்ந்து நகர்ந்து இருந்தீர்கள். “அம்மாவின்ரை திறந்தது. ரீச்சரின்ரை திறக்கேல்லை. அது நீங்கள் செய்ததில்லை அண்ணை” என்று நீ கடைசியாகச் சொன்னபோது அவர் உன் தோளில் தலையை வைத்தார். பிறகு எழும்பி என்னிடம் வந்து, சுகமாக இருங்கோ அக்கா என்று சொல்லிவிட்டு, மீன் வாங்காமலே போனார். நான் எத்தனையோ படித்தவர்களைக் கண்டிருக்கிறேன், நல்லாகக் கதைக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். ஒரு மனிதனின் நெஞ்சிலிருந்து அப்படி ஒரு பாரத்தை இறக்கி வைத்தவனை அன்றுதான் கண்டேன். அவன் நான் பெற்றவன்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் நீயாகவே வாய் திறந்தாய். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப்போகிறேன் என்றாய். ஏன் என்று கேட்டேன். “டொக்டர் வந்து சொல்லிப்போட்டுப் போயிடுவா, அவவுக்கு எத்தினை பேர். பக்கத்திலையே நிக்கிறது மிஸ்ஸிமார்தான். எனக்கு அங்கை நிக்கவேணும் அம்மா” என்றாய். உன் வாயிலிருந்து வேணும் என்ற சொல்லை நான் கேட்டது குறைவு. அதனால் வேறொன்றும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் வேறு பேர். ஆம்பிளைப் பிள்ளைக்கு அது வேலையோ என்று துறைமுகத்தில் கேட்டார்கள். உன் மாமா பிரான்சிலிருந்து தொலைபேசி எடுத்து, அலுவல் எல்லாம் அடுக்குப் பண்ணி வைத்திருக்கிறேன், இவனுக்கென்ன விசரோ என்று சத்தம் போட்டார். அவர் எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். “அண்ணை, உங்கடை தங்கச்சி இப்ப உங்களோடை கதைக்கிறாள். அவள் எப்பிடிக் கதைக்கிறாள் எண்டதை யோசிச்சுப்போட்டு மிச்சத்தைச் சொல்லுங்கோ” என்றேன். அவர் சத்தத்தைக் குறைத்து, கண்டி குளிர் எண்டு சொல்லுறவை, நல்ல கம்பளிச் சட்டை ஒண்டு அனுப்பிவிடுறன் என்றார். அது நேற்று வந்து சேர்ந்தது. உனக்குப் பெரிதாக இருக்கும், ஆனாலும் கொண்டுபோ.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கண்டியில் நோயாளர் பலரும் கதைப்பது சிங்களம், அதை நன்றாகப் படி. சோதனைக்கு மட்டும் படிக்காதே, மனிதர்கள் பயத்தில் எப்படிக் கதைப்பார்கள் என்று படி. சொல் தடுமாறுகிறதா என்பதை அந்தச் சொல்லைத் தெரிந்தவன்தான் பிடிக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு. தப்பினவர்களை உன் கெட்டித்தனம் என்று வைத்துக்கொள்ளாதே, போனவர்களை உன் பிழை என்றும் வைத்துக்கொள்ளாதே. அந்தத் தோட்டக்கார அண்ணைக்கு நீ சொன்னதை ஒரு நாள் உனக்கு நீயே சொல்லவேண்டி வரும். அப்போது உன்னோடு நிழலில் இருக்க யாரும் இல்லாவிட்டால் எனக்குத் தொலைபேசி எடு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன். அதை உன்னைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

வழியனுப்ப நான் பஸ் எடுக்கிற இடத்துக்கு வரமாட்டேன். அந்த நேரம் வள்ளங்கள் கரைக்கு வரும் என்று ஊருக்குச் சொல்வேன். உண்மை என்னவென்றால் நான் வந்தால் அழுவேன், சந்தோசத்தில்தான் அழுகிறேன் என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அப்பா வருவார். அவர் ஒன்றும் கதைக்கமாட்டார். உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடப்பார். பாரம் என்று சொல்லி அதை அவரிடமிருந்து வாங்கிவிடாதே மோனை. பஸ் வரும்வரை அவரே வைத்திருக்கட்டும்.

உன் அம்மா